அந்தத் தோல் பரிசலைத் திருப்பிக் கொடுங்கள்

ஒகேனக்கல் சுற்றுலாப் பகுதியைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் ஆக்கிரமிப்பு அகற்றியபோது நடந்தது உங்களுக்குத் தெரியும். சாலையோரக் கூரைகளை எடுத்ததைப் பற்றி நான் பேச வரவில்லை. ஜனங்கள் நடக்க வழி வேண்டும், சரி. ஆனால் மீன் சாப்பாட்டுக் கடையின் சுவரில் மாட்டியிருந்த பழைய பரிசலையும் துடுப்பையும் ஏன் லாரியில் ஏற்றினீர்கள்? அது பட்டா இடத்துச் சுவர். யார் வழியையும் அந்தப் பரிசல் மறிக்கவில்லை. அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

இன்று ஆற்றில் ஓடும் பரிசல்களுக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் கட்டித் தார் பூசுகிறார்கள். இது தோல் போர்த்திய காலத்துப் பரிசல், கடைக்கார அம்மாவின் மாமனார் ஓட்டியது. மூங்கில் பிளாச்சுப் பின்னலோடு தோலை விளிம்பு சுற்றி இழுத்துத் தைத்திருப்பார்கள். துடுப்பில் அவர் கை பிடித்த இடம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். சாப்பிட வரும் பிள்ளைகள் அதைத் தடவிப் பார்ப்பார்கள். பரிசல்காரர்களின் பெருமையைச் சொல்ல எங்கள் ஊரில் இருந்தது அந்த ஒரு சுவர்தான்.

கர்நாடகத்தில் கபினி அணையும் கிருஷ்ணராஜ சாகர் அணையும் நிரம்பித் தண்ணீர் திறந்தால் இங்கே பரிசலுக்குத் தடை. 2024 ஆகஸ்டில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் வந்ததே, அப்போதும் அப்படித்தான். உயிர் முக்கியம், தடையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்களில் பரிசல்காரருக்கு வருமானம் இல்லை, எண்ணெய் தேய்ப்பவருக்கு இல்லை, மீன் வறுக்கும் பெண்களுக்கும் இல்லை. அப்போதும் இந்த அம்மா உலை வைப்பார். மீன் இருக்காது; களியும் கீரைக் கடைசலும் இருக்கும். "ஆறு இறங்கட்டும், அப்புறம் குடு" என்று நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டில் அடிக்கப்படாத கணக்குகள் நிறைய உண்டு.

கடலில் 61 நாள் மீன்பிடித் தடைக்கு அரசு நிவாரணம் தருகிறது. ஆற்றில் தடை வந்தால் எங்களுக்கும் கொடுங்கள் என்று பரிசல்காரர்கள் எத்தனை முறை கேட்டிருப்பார்கள்? அந்தக் கோரிக்கைக்கு வழி பிறக்காத ஊரில், அவர்களுக்குச் சோறு போட்ட வீட்டுச் சுவரை வெறுமையாக்க ஒரு காலைப் பொழுது போதுமானதாக இருந்திருக்கிறது. இது நியாயமா?

நிவாரணம் பற்றித் தனியாக எழுதுகிறேன். இப்போதைக்குப் பரிசல். அந்த அம்மா விசாரித்ததற்கு, "கிடங்கில் இருக்கும், எழுதிக் கொடுங்க" என்றார்களாம். எழுதிக் கொடுத்தாயிற்று. மழை பெய்துகொண்டிருக்கிறது. நனைந்த தோல் பூஞ்சை பிடிக்கும், வெயில் பட்டால் விறைத்து வெடிக்கும். தயவுசெய்து இன்றைக்கே ஒரு தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்கள், மேலே எதையும் அடுக்க வேண்டாம். பிறகு துடுப்போடு சேர்த்து அதே சுவருக்குத் திருப்பி அனுப்புங்கள். லாரி வாடகை ஆகும் என்றால் பரவாயில்லை, நாங்களே வந்து தூக்கிக்கொள்கிறோம்; எந்தக் கிடங்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பென்னாகரத்துக்காரன் ஒருவன்