மீட்டருக்குப் பின்னால் இருக்கும் வருவாய் விதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்பயன்பாட்டை நேரவாரியாக அறிந்து அதற்கேற்ப இயங்கும் ஸ்மார்ட் மின்கட்டமைப்பு பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவதோடு நின்றுவிடுகின்றன. அந்த மீட்டரால் பயன் விளையுமா என்பதைத் தீர்மானிப்பது, மின்விநியோக நிறுவனம் எந்தச் செலவின் மீது ஆதாயம் பெறலாம் என்று ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கும் விதியே ஆகும்.

மின்கம்பிகளும் மின்மாற்றிகளும் ஆண்டில் சில மணி நேரமே நீடிக்கும் உச்சத் தேவையைத் தாங்கும்படி அமைக்கப்படுகின்றன. அந்நேரத்தில் பயன்பாட்டைத் தள்ளிவைக்கும் நுகர்வோருக்கு ஊக்கத்தொகை தருவது, புதிய மின்மாற்றி நிறுவுவதைவிடப் பல இடங்களில் மலிவாக முடியும். ஆனால், முதலீட்டின் மீது குறிப்பிட்ட விழுக்காடு ஆதாயத்தை அனுமதிக்கும் பழைய முறையில், மின்மாற்றி சொத்துக் கணக்கில் ஏறி ஆண்டுதோறும் லாபம் ஈட்டித் தருகிறது. ஊக்கத்தொகையோ வெறும் செலவாக எழுதப்பட்டுவிடுகிறது. நிறுவனம் எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆவெர்ச், ஜான்சன் என்ற பொருளியலாளர்கள் 1962-லேயே இந்தச் சாய்வை விளக்கியிருக்கிறார்கள். பிரிட்டன் 2013 முதல் படிப்படியாக நடைமுறைப்படுத்திய ‘ரியோ’ (RIIO) என்ற வருவாய் ஒழுங்குமுறை, முதலீட்டையும் நடைமுறைச் செலவையும் ஒரே தொகுப்பாகக் கொண்டு, மிச்சமாகும் தொகையை நிறுவனமும் நுகர்வோரும் பகிர்ந்துகொள்ள வழிசெய்தது. முதல் கட்டத்தில் நிறுவனங்களின் லாபம் மிகுந்துவிட்டது என்ற விமர்சனம் நியாயமானதே. அதற்காக இலக்குகளைக் கறாராக நிர்ணயிக்கலாமே தவிர, பழைய முறைக்குத் திரும்ப வேண்டியதில்லை.

ஸ்மார்ட் மீட்டர் சாத்தியமாக்கும், நேரத்துக்கேற்ப மாறும் கட்டணத்திலும் எச்சரிக்கை தேவை. 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மின்சாரத்தின் மொத்தவிற்பனை விலை, யூனிட்டுக்கு 9 டாலர் என்ற உச்சவரம்பைத் தொட்டபோது, அந்த விலையை அப்படியே கடத்தும் திட்டத்தில் இருந்த வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலரில் பில் வந்தது; அதே ஆண்டில் அம்மாநிலம் வீடுகளுக்கு அத்தகைய திட்டங்களைத் தடைசெய்தது. மாறாக, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட மலிவு நேரமும் சிக்கலற்றதல்ல: அது தொடங்கும் நொடியில் ஒரு தெருவின் மின்கார்கள் அனைத்தும் ஒருசேர சார்ஜ் ஏறத் தொடங்கினால், அத்தெருவின் மின்மாற்றி புதியதோர் உச்சத்தைச் சந்திக்கும். இதை உணர்ந்தே பிரிட்டன், புதிய வீட்டு சார்ஜர்கள் 10 நிமிடம் வரை, ஒன்றுக்கொன்று மாறுபடும் தாமதத்துடன் இயங்க வேண்டும் என்ற விதியை 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

எனவே, மீட்டர் செலவைக் கட்டணத்தில் சேர்க்க அனுமதிக்கும் ஆணையங்கள், உச்சத் தேவை எவ்வளவு குறைந்தது, எந்தெந்த விரிவாக்கப் பணிகள் தவிர்க்கப்பட்டன என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடச் செய்து, நிறுவனத்தின் ஆதாயத்தை அக்கணக்கோடு பிணைக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்