முதலில் ஆணிடம் என்ன வேலை என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அண்ணனுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமாகக் குழந்தை இல்லை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, மாத்திரை என்று அலைந்ததெல்லாம் அண்ணிதான். பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டி வலம் வந்ததும் அவர்தான், தெருவில் "ஏதாவது விசேஷம் உண்டா" என்று கேட்டதும் அவரைத்தான். அண்ணனை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் பழைய பேட்டரி உடைக்கிற பட்டறையில் 11 வருஷம் வேலை பார்த்தவர். ஈயத் தகட்டை உருக்கும்போது மூக்கில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான் பாதுகாப்பு. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது நகக்கண்ணில் கறுப்பாக ஒட்டியிருக்கும், சோப்பு போட்டாலும் முழுசாகப் போகாது, அந்தக் கையாலேயே பிசைந்து சாப்பிடுவார்.

போன வருஷம்தான் ஒரு டாக்டரம்மா அவரைப் பார்த்து, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார். விந்துப் பரிசோதனையில் அணுக்கள் ரொம்பக் குறைவு, ரத்தத்தில் ஈயம் அதிகம். ஈயம் மட்டும்தான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் ஈயம் விந்தணுவின் எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் குறைக்கும், காட்மியம் என்ற இன்னொரு உலோகம் விந்தகத்தையே கெடுக்கும், அது சிகரெட் புகையிலும் இருக்கிறது என்று விளக்கினார். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதமாம். சரி, வேலையை விட்டுவிட்டு மூன்று மாதம் பொறுத்தால் போதுமே என்று நினைத்தோம். ஆனால் உடம்பில் சேர்ந்த ஈயம் எலும்பில் பல வருஷம் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குத் திரும்புமாம். வேலைச் சட்டையோடு வீட்டுக்கு வரும் தூசி சின்னக் குழந்தைகளின் மூளையையும் பாதிக்குமாம். அந்தச் சட்டையை எங்கள் வீட்டுத் துணிகளோடு சேர்த்துத்தானே இத்தனை வருஷமும் துவைத்தோம்!

பட்டறையோடு இது முடிவதில்லை. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அந்தச் சேற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. நிலக்கரிச் சாம்பலில் ஈயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்டு.

டாக்டர்களே, குழந்தை இல்லை என்று வருகிற தம்பதியில் ஆணுக்கும் முதல் நாளே விந்துப் பரிசோதனை எழுதுங்கள், அவர் என்ன வேலை செய்கிறார் என்பதைச் சீட்டில் குறியுங்கள். வடசென்னை அரசு மருத்துவமனைகளில் பட்டறைத் தொழிலாளிகளுக்கும் ஆற்றில் இறங்குகிறவர்களுக்கும் ரத்த ஈயப் பரிசோதனை இலவசமாக வேண்டும். ஈய நச்சு சட்டப்படியே தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் பலகை கூட இல்லாத பட்டறைக்கு யார் வந்து பார்க்கிறார்கள்?

அண்ணன் சம்மதித்துத்தான் இதை எழுதுகிறேன். அவர் இப்போது ஒரு குடோனில் காவலுக்குப் போகிறார், சம்பளம் பாதிதான். அவர் விட்டுவந்த இடத்தில் 19 வயதுப் பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறான்.

ஒரு வாசகர்,
கொருக்குப்பேட்டை, சென்னை-21