வைட்டமின் டி3, கே2 கூட்டு மாத்திரை தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் ஆள் நான். "கே இல்லாம டி மட்டும் சாப்பிட்டா கால்சியம் ரத்தக்குழாய்ல படிஞ்சிடுமாமே?" என்று யாராவது கேட்காமல் இப்போதெல்லாம் பொழுது போவதில்லை. அந்தப் பயத்தைக் கிளப்பியதில் உங்கள் விளம்பரங்களுக்கு நல்ல பங்கு உண்டு.

விளம்பரம் முழுப் பொய் என்று சொல்லமாட்டேன். சாப்பாட்டிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்ச டி உதவுகிறது. எலும்பிலுள்ள ஆஸ்டியோகால்சின் என்ற புரதமும், ரத்தக்குழாய்ச் சுவரில் கால்சியம் படியாமல் தடுக்கும் இன்னொரு புரதமும் வேலைசெய்ய கே வேண்டும். அப்படியானால் இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாமே என்று தோன்றுவது நியாயம்தான். டென்மார்க்கில் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். இதயத்தின் பெருந்தமனி வால்வில் கால்சியம் படிந்திருந்த 365 ஆண்களில் ஒரு பாதியினருக்குத் தினமும் 720 மைக்ரோகிராம் கே2, 25 மைக்ரோகிராம் டி. மறுபாதியினருக்கு வெற்று மாத்திரை. இரண்டு ஆண்டுகள் போயின. 2022-ல் வந்த முடிவின்படி, கால்சியம் படியும் வேகம் குறையவே இல்லை. உங்கள் மாத்திரைகள் பலவற்றில் இருப்பதோ 100 மைக்ரோகிராம் சொச்சம் கே2!

சரி, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்பீர்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு உண்டு. அந்த மருந்து கே-யின் வேலையை முடக்கித்தான் ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்கிறது. உலோக வால்வு பொருத்திக்கொண்ட ஒருவர் உங்கள் மாத்திரையைத் தொடங்குகிறார் என்று வையுங்கள். வைட்டமின்தானே என்று டாக்டரிடம் சொல்வதில்லை. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையில் அடுத்த முறை அளவு இறங்கியிருக்கிறது, அதாவது ரத்தம் சீக்கிரம் உறைகிறது. வால்வில் ரத்தம் கட்டிவிடக்கூடாதே என்று டாக்டர் வார்ஃபரினைக் கூட்டுகிறார். அப்புறம் ஒருநாள் டப்பா காலியாகிறது, இவரும் மறுபடி வாங்கவில்லை. கூட்டிய வார்ஃபரின் மட்டும் அப்படியே நிற்கிறது. ஐ.என்.ஆர். ஏறுகிறது; ஈறில் ரத்தம் கசிகிறது, மலம் கறுப்பாகப் போகிறது. மூளையில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

நீங்கள் எழுதியிருப்பது என்ன? முன்பக்கம் கொட்டை எழுத்தில் "எலும்புக்கும் இதயத்துக்கும்". பின்பக்கம், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில், "மருத்துவ ஆலோசனை பெறவும்". எல்லா டப்பாவிலும் இருக்கிற வரி அது, யார் படிப்பார்கள்? வார்ஃபரின், அதே வகையைச் சேர்ந்த அசினோகுமரால் என்று மருந்தின் பெயரைச் சொல்லி முன்பக்கத்திலேயே எச்சரியுங்கள். ரத்தம் கட்டாமல் தடுக்கும் அபிக்சபான் போன்ற புது மருந்துகள் கே வழியாக வேலை செய்வதில்லை. அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் வீணாகப் பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. கே கூட இருப்பதால் டி எவ்வளவு போனாலும் பரவாயில்லை என்று தொனிக்கும் வாசகங்களை எடுத்துவிடுங்கள். பெரியவர்கள் டாக்டர் சொல்லாமல் தினமும் 4,000 யூனிட்டைத் தாண்டக்கூடாது; அதாவது 100 மைக்ரோகிராம். டி மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி தாகம், வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு என்று போகும். கே அதைத் தடுக்கும் என்று நம்ப ஆதாரம் இல்லை. கால்சியம் மாத்திரையிலும் சத்து மாத்திரையிலும் இருக்கிற டி-யையும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் யூனிட், இன்னொன்றில் மைக்ரோகிராம் என்று போட்டால் யாரால் கூட்ட முடியும்? இரண்டையும் அச்சிடுங்கள்.

அடுத்த லேபிள் அச்சுக்குப் போகும்போது இதையெல்லாம் சேர்த்துவிடுங்கள். அதுவரை "ரத்தம் கட்டாம இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் உங்கள் டப்பாவை எடுத்துக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்