அவன் சிரிக்கட்டும், மக்களே

அன்புள்ள மக்களே,

நீ வரைந்து போனில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். தூத்தூர் கடற்கரை, பந்து விளையாடும் பையன்கள். ஒருத்தனை மணலில் அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள், அகப்பட்டவனும் சிரிக்கிறான். அவன் பிடரியை அழுத்தும் கையை எப்படி வரைந்திருக்கிறாய்! விரல் நகமெல்லாம் வெளுத்திருக்கிறது. விளையாட்டுக்குப் பிடித்த கை அப்படி இருக்காது.

அவனை அழ வைக்கச் சொல்லி உங்கள் சார் சொன்னாராமே. வேண்டாம் மக்களே. அழுதால் பார்க்கிறவர்கள் 'ஐயோ பாவம்' என்று அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். நம்ம ஊரில் பையன் அழுதால், 'பொம்பளப்பிள்ள மாதிரி என்னலே அழுகே' என்றுதானே கேட்கிறார்கள்? நான் டிராயிங் டீச்சராக இருந்தபோது முழங்கை வீங்கி வந்தவன்கூட, 'சும்மா விளையாட்டு டீச்சர்' என்று சிரிப்பான். தள்ளிவிட்டவன் சொல்வதும் அதேதான். அந்தச் சிரிப்பை விட்டுவிடாதே.

நீ இருக்கும் பரோடாவில்தான் பூபேன் கக்கர் இருந்தார். கணக்கர் வேலை பார்த்துக்கொண்டே படம் வரைந்தவர். 1981-ல் அவர் வரைந்த ஒரு படத்தில், மாடியில் ஒருவர் உடம்பில் துணியில்லாமல் நின்று ஊரைப் பார்க்கிறார். கீழே அப்பன், மகன், கழுதை கதை நடக்கிறது. ஊர் சொன்னதற்கெல்லாம் ஆடிய அந்த இரண்டு பேர்தான். மாடியில் நிற்பவரை யாரும் அடிக்கவில்லை. ஆனால் ஆண் என்றால் இன்னபடி என்று ஊர் போட்ட கணக்கில் அவர் சேரவில்லை என்பது பார்த்ததும் தெரிகிறது. காயம் காட்டாமலே நோவைக் காட்டலாம் என்பதற்கு எனக்கு அந்தப் படம் போதும்.

லாகூரில் பிறந்து நியூயார்க்கில் வரையும் சல்மான் தூரையும் பார். பச்சை வெளிச்சத்தில் ஒல்லியான பையன்கள் கூட்டாளிகளோடு ஆடுகிறார்கள். இன்னொரு படத்தில் அப்படிப்பட்ட ஒருத்தன் குடியேற்றச் சோதனையில் குறுகி நிற்கிறான். ஆட்டமும் பயமும் ஒரே உடம்பில்தானே இருக்கின்றன.

உன் படத்தில் எனக்கு ஒரு குறை. அமுக்குகிறவன் முகத்தைக் கொடூரமாகப் போட்டுவிட்டாய். அவன் வயதும் பதிமூணு பதினாலுதானே? வீட்டில் யார் கைக்குப் பயந்து வளர்கிறானோ. அவன் முகத்தில் கொஞ்சம் பயமும் இருக்கட்டும்.

சரி, லீவுக்கு வரும்போது ஸ்கெட்ச் புத்தகம் கொண்டு வா. சாயங்காலம் தூத்தூரில் ஆட்டம் இருக்கும், நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
அம்மா