எங்கள் ஊர்த் தாய்சேய் நலச் சங்கம், ஹார்ட்ஃபோர்ட்ஷயர்: 1942ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

1939இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 51 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 1941இல் அது 60 ஆகிவிட்டது. சென்ற ஆண்டு முழுவதும் இந்தக் கணக்குதான் என் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

தேவாலயக் கூடத்தில் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. லண்டன் நகரப் பிரசவ மருத்துவமனை, போர் காரணமாக 1939 முதல் நம் ஹார்ட்ஃபோர்ட்ஷயரிலுள்ள பிராக்கெட் மாளிகையில் இயங்குகிறது. அங்கே பிரசவமாகி நம் ஊர் வீடுகளில் தங்கியிருக்கும் லண்டன் தாய்மார்களும் வந்தார்கள். முதலில் கொஞ்சம் ஒதுங்கியே உட்கார்ந்தார்கள். அப்புறம் பழகிவிட்டது.

தாய்சேய் ஊட்டத்துக்காக அரசு தரும் ஆரஞ்சுச் சாறு, மீன் எண்ணெய் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் தினம் ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குச் சற்று அதிகம்) பால் இரண்டு பென்னிக்குக் கிடைக்கிறது, வசதி இல்லாதவர்களுக்கு இலவசம். 1940 ஜூலையில் தொடங்கிய இந்தப் பாலை வாங்காத வீடு அநேகமாக இல்லை. ஆனால் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரும் ஆரஞ்சுச் சாறு, பாட்டில் ஐந்து பென்னிதான், அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. தாய்மார்களுக்கு அக்கறை இல்லை என்று சிலர் பேசினார்கள். நான் அதை ஏற்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டோம். பால், பால்காரர் கையால் வாசலுக்கே வருகிறது. சாற்றுக்கோ, கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் உரிய பச்சை ரேஷன் புத்தகத்தோடு, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு உணவு அலுவலகம் வரை நடந்து, வரிசையில் நிற்க வேண்டும். மீன் எண்ணெயில் இன்னொரு சிக்கல்: துணியில் பட்டால் கறை போகாது, பிப்ரவரியிலிருந்து சோப்பும் ரேஷனில். இதை ஒரு தாய் சொல்லும்வரை எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதனால் இலையுதிர்காலம் முதல், அனுமதி பெற்று, எடை மேசைக்குப் பக்கத்திலேயே பாட்டில்களை வைத்துக் கொடுக்கிறோம். குளிப்பாட்டுவதற்கு முன், சட்டை கழற்றிய பிறகு எண்ணெய் கொடுங்கள் என்று சுகாதாரச் செவிலியர் செய்தே காட்டினார். இப்போது பாட்டில்கள் தங்குவதில்லை.

தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) தடுப்பூசிக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. போருக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 3,000 உயிர்களைக் கொண்டுபோன நோய் இது, பெரும்பாலும் குழந்தைகள். ஊசி இலவசம். உறுப்பினர்கள் தங்கள் தெருவில் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

நம் மருத்துவச்சி, போருக்காகத் தெருவிளக்குகளை அணைத்துவைக்கும் இருட்டடிப்பிலும் சைக்கிளில்தான் பிரசவங்களுக்குப் போகிறார். டார்ச் பேட்டரி குதிரைக்கொம்பாகிவிட்டது. வீட்டில் ஒன்று கூடுதலாக இருந்தால் அவருக்குக் கொடுங்கள்.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். சாறு கொடுக்கும் மேசைக்கு இன்னும் இருவர் தேவை. வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்