நாலு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கிய காலண்டர் பற்றி ஒரு புகார்

மதுரை,
24.09.2025

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
தினசரி காலண்டர் அச்சகம்,
சிவகாசி.

பொருள்: 2025 காலண்டரில் ‘வரலாற்றில் இன்று’ பகுதியில் உள்ள பிழைகள் – கூடுதல் தொகையைத் திரும்பக் கேட்பது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். மேலமாசி வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருஷமாக உங்களிடம்தான் காலண்டர் அடிக்கிறேன். போன வருஷம் ஆடிப்பெருக்கு முடிந்து ஆல்பத்தோடு வந்த உங்கள் ஏஜென்ட், “அண்ணாச்சி, இந்தத் தடவை ராகு காலம், எமகண்டத்துக்குக் கீழே ‘வரலாற்றில் இன்று’ன்னு ஒரு வரி வருது. மதுரைப் பக்கத்துச் செய்தியாப் பார்த்துப் போடுறோம். காலண்டருக்கு நாலு ரூபாதான் கூட” என்றார். 300 காலண்டருக்கு 1,200 ரூபாய் கூடுதலாகக் கட்டினேன். ரசீது நகல் இணைத்திருக்கிறேன்.

ஜனவரி 15 தாளில் முல்லைப் பெரியாறு அணை திறந்த நாள் என்று இருந்தது. அது அந்த அணையைக் கட்டிய இன்ஜினீயர் பென்னிகுக் பிறந்த நாள் (1841). அணை திறந்தது 1895 அக்டோபர் 10. மாட்டுப்பொங்கலன்று தாளை யார் படிக்கப் போகிறார்கள் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் கம்பத்திலிருந்து குத்துவிளக்கு வாங்க வந்தவர் கேட்டுவிட்டார். பென்னிகுக்குக்குப் பொங்கல் வைத்துக் கும்பிடுகிற ஊர்க்காரர், கேட்காமல் இருப்பாரா?

சரி, அச்சில் ஏதோ தப்பு என்று அதை விட்டேன். ஏப்ரலில் நடந்ததை அப்படி விட முடியவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்து வாடிக்கையாளர், என் அப்பா காலத்திலிருந்து வருகிறவர், ஏப்ரல் 13 தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்தார். ‘பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூடு, 1919’ என்று அதில் இருந்தது. அது நடந்தது 1920 ஏப்ரல் 3. ஒரு ஜனத்தையே பிறவிக் குற்றவாளி என்று வைத்த வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டப்படி கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற ஜனங்களைச் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் செத்தார்கள். உங்கள் ஆள் எங்கே தடுக்கினார் என்பதும் எனக்குப் புரிகிறது. ‘தென்னாட்டு ஜாலியன்வாலா பாக்’ என்று எங்கோ படித்துவிட்டு, அமிர்தசரஸில் சுட்ட தேதியை, 1919 ஏப்ரல் 13ஐ, அப்படியே தூக்கி இங்கே வைத்துவிட்டார். ஏப்ரல் 3 தாளில் என்ன இருந்தது தெரியுமா? உலகின் முதல் செல்போன் அழைப்பு, 1973. அது சரியான தேதிதான், அதில் குறை சொல்ல மாட்டேன்.

பெரியவர் சத்தம் போடவில்லை. “நாங்க மூணாந்தேதி போய் மாலை போட்டுட்டு வந்தோம். பத்து நாள் கழிச்சு இன்னைக்குத்தான் சுட்டாங்கன்னு உங்க காலண்டர் சொல்லுது தம்பி” என்றார். ‘உங்க காலண்டர்’ என்றுதான் சொன்னார். தாளுக்கு மேலே அட்டையில் என் கடைப் பெயர்தானே கொட்டை எழுத்தில் இருக்கிறது. உங்கள் பெயர் ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது.

ஜூலை 8 வந்தது. 1939இல் காந்தியடிகள் தலைமையில் மீனாட்சியம்மன் கோயில் நுழைவு என்று போட்டிருந்தீர்கள். தேதி சரி, வருஷமும் சரி. ஆனால் அதுவரை உள்ளே விடாத ஜனங்களைக் கூட்டிப் போனவர் காந்தி இல்லை, அ. வைத்தியநாத ஐயர். உள்ளே போனவர்களில் பின்னாளில் மந்திரியான கக்கனும் ஒருவர், மேலூர்ப் பக்கம் தும்பைப்பட்டிக்காரர். எல்லோரையும் விடாத கோயிலுக்குள் தானும் போவதில்லை என்று இருந்த காந்தி, 1946இல்தான் உள்ளே வந்து கும்பிட்டார்.

முந்தாநாள் செப்டம்பர் 22. காலையில் தாளைக் கிழித்ததும் அந்த வரியைத்தான் தேடினேன். அந்த இடம் வெறுமையாக இருந்தது. சந்தேகப்பட்டு இனி வரப்போகிற தாள்களைப் புரட்டினால், காந்தி அரையாடைக்கு மாறியதை அக்டோபர் 2இல், அவர் பிறந்த நாளோடு சேர்த்து ஒட்ட வைத்திருக்கிறீர்கள்! ஐயா, 1921 செப்டம்பர் 22 அன்று இதே மேலமாசி வீதியில் ஒரு வீட்டு மாடியில்தான் அவர் அந்த முடிவை எடுத்தார். இன்றைக்கு அங்கே கதர்க்கடை இருக்கிறது. என் கல்லாவிலிருந்து கூப்பிடு தூரம். மதுரைச் செய்தி என்று நாலு ரூபாய் வாங்கிக்கொண்டு, இந்த வீதியிலேயே நடந்ததை விட்டுவிட்டால் நான் என்ன பதில் சொல்வது?

மருதுபாண்டியர் தூக்கிலிடப்பட்ட 1801 அக்டோபர் 24 சரியாகவே வந்திருக்கிறது. பார்த்துவிட்டேன்.

கூடுதலாக வாங்கிய 1,200 ரூபாயைத் திருப்பித் தரவும். அக்டோபர் 2, 10 ஆகிய இரண்டு தாள்களுக்கும் மேலே ஒட்டுகிற மாதிரி திருத்திய துண்டுத்தாள் 300 வீதம் இந்த மாதத்துக்குள் அனுப்பவும். வாடிக்கையாளர் வீடுகளுக்குப் பையனை அனுப்பிக் கொடுக்கிற செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த வருஷ ஆல்பம் என் மேஜையில்தான் கிடக்கிறது. 365 வரிகளையும் தாளில் எடுத்து முன்கூட்டியே என்னிடம் காட்டினால் ஆர்டர் தருவேன். இல்லாவிட்டால் அந்த வரியே வேண்டாம், பழையபடி ராகு காலமும் எமகண்டமும் போதும்.

இப்படிக்கு,
மேலமாசி வீதி பாத்திரக்கடைக்காரர்

இணைப்பு: ரசீது நகல், கிழித்த தாள்கள் மூன்று (ஏப்ரல் 13 தாள் பெரியவருடையது, திருப்பி அனுப்பவும்).