கணக்கு தொலையவில்லை, வேறு ஃபோல்டரில் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில், பைத்தான் என்ற நிரல் மொழியில் கோப்பைத் திறந்து எழுதும் பயிற்சி வந்திருந்தது. ஓப்பன் என்று போட்டு, கோப்பின் பெயரை மட்டும் கொடுத்திருந்தீர்கள். தப்பில்லைதான். ஆனால் அந்த மாதிரி ஒரு வரியால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், சாயங்காலம் எவ்வளவு திரும்பியது, சேதாரம் எவ்வளவு, இதுதான் கணக்கு. இதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற அக்கா மகன் ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதிக் கொடுத்தான். பட்டறை ஃபோல்டருக்குள் போய் டபுள் கிளிக் செய்வேன். ஒரு வருடம் ஒரு குறையும் இல்லை. பிழை வந்தால் ஜன்னல் சட்டென்று மூடிக்கொள்கிறதே என்று கேட்டதற்கு, கமாண்ட் பிராம்ப்டில், அதாவது கட்டளையைத் தட்டி ஓட்டும் கறுப்பு ஜன்னலில், ஓட்டச் சொன்னான். சரி என்று ஓட்டினேன். மாதக் கடைசியில் கோப்பைத் திறந்தால் 19-ஆம் தேதியோடு நிற்கிறது! 11 நாள் கணக்கைக் காணோம். வெள்ளிக் கணக்கு, ஐயா. முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் கூடுதல் கஷ்டம்.

யாரும் எதையும் அழிக்கவில்லை. வெறும் பெயரைக் கொடுத்தால் நிரல் தான் குடியிருக்கும் ஃபோல்டரில் தேடாது. ஓட்டும்போது எங்கே நிற்கிறதோ அங்கே தேடும். ஏற்காடு ஏரிக்கரையில் நிற்பவரிடம் போனில் “பக்கத்துக் கடையில் வாங்கி வா” என்றால், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி செவ்வாய்ப்பேட்டைக்கா வருவார்? டபுள் கிளிக் செய்தால் விண்டோஸ் நிரலை அதன் ஃபோல்டரிலேயே நிறுத்துகிறது. கமாண்ட் பிராம்ப்ட் திறப்பதோ என் யூசர் ஃபோல்டரில். படிக்க மட்டும் திறந்திருந்தால் கோப்பு இல்லை என்று கத்தியிருக்கும். எங்களுடையது கடைசியில் சேர்த்து எழுதும் முறை. கோப்பு இல்லையென்றால் சத்தமில்லாமல் புதிதாக ஒன்றை உண்டாக்கிவிடும். 11 நாள் கணக்கும் அங்கே பத்திரமாக இருந்தது.

இரவில் தானாக ஓடும்படி வைப்பவர்களுக்கும் இதே கதைதான். லினக்ஸில் நேரம் குறித்து நிரலை ஓட்டும் கிரான், பயனரின் ஹோம் ஃபோல்டரில் இருந்து ஓட்டும். விண்டோஸில் அதே வேலையைச் செய்யும் டாஸ்க் ஷெட்யூலரில் தொடங்கும் இடத்தை நிரப்பாமல் விட்டால் விண்டோஸின் சொந்த ஃபோல்டரான சிஸ்டம்32-இல் போய் நிற்கும்.

மருந்து ஒரு வரிதான். நிரல் தன் இருப்பிடத்தை ஃபைல் என்ற பெயரில் வைத்திருக்கிறது. அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு. பைத்தானோடு வரும் பாத்லிப் தொகுப்பில் இருந்து பாத்தை எடுத்து, அதன் அடைப்புக்குறிக்குள் இதைக் கொடுத்து, புள்ளி ரிசால்வ் (இதற்கு வெற்று அடைப்புக்குறி உண்டு), புள்ளி பேரன்ட் (இதற்குக் கிடையாது) என்று எழுதினால் ஃபோல்டர் கிடைத்துவிடும். ஒரு சாய்கோடு போட்டுக் கோப்பின் பெயரைச் சேர்த்தால் எங்கிருந்து ஓட்டினாலும் அதே கோப்புதான். முழு முகவரியையும் சி டிரைவில் தொடங்கி எழுதலாமே என்பார்கள். கம்ப்யூட்டரை மாற்றும் நாளில் அது காலை வாரும்.

பன்னிரண்டாம் வகுப்பிலேயே பைத்தான் இருக்கிறது. அடுத்த பயிற்சியில் இந்த வரியையும் சேர்த்துப் போடுங்கள். பைத்தானோடு வரும் ஐடில் ஷெல்லில் வரி வரியாகத் தட்டிப் பார்த்தால், அடிக்கோடு போட்ட அந்த ஃபைல் என்ற பெயரே இல்லை என்று பிழை வரும், கோப்பாகச் சேமித்துத்தான் ஓட்ட வேண்டும் என்பதையும் கூடவே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கடிதம் பிள்ளைகளிடமிருந்து வரும்.

இப்படிக்கு,
ஒரு கொலுசுப் பட்டறைக் கணக்கர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.